‘பிரேக்’ என்றால் நின்றுவிடுகிறார்கள்: ஃபாஸ்ட் பிரேக்குக்கு எந்தத் தமிழ்ச் சொல்?

கூடைப்பந்தாட்டப் பயிற்சியின் மூன்றாம் நாள். பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் எதிரே ஆடியவனின் கையிலிருந்து பந்தை அழகாகத் தட்டிப் பறித்தான். அவனுக்கு முன்னால் ஒருவரும் இல்லை. வெறும் தளம், அதன் முடிவில் கூடை. நான் ஓரக்கோட்டில் நின்று தொண்டை கிழியக் கத்தினேன்: “பிரேக்! பிரேக்!” பையன் சட்டென்று நின்றான். இரண்டு காலையும் ஊன்றி, பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தான் செய்த பிழை என்ன என்று கேட்பதுபோல என்னைத் திரும்பிப் பார்த்தான்.

பிழை என்னுடையது. நான் சொல்ல வந்தது ‘ஃபாஸ்ட் பிரேக்’, அதாவது எதிரணி காவலுக்குத் திரும்பும் முன் ஓடிப்போய்க் கூடைக்கு எறிவது. மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் சைக்கிளில் வந்து இறங்கும் பிள்ளைக்கு ‘பிரேக்’ என்றால் ஒரே பொருள்தான்: பிடி, நில். உடைத்துக்கொண்டு போவதையும் வண்டியை நிறுத்துவதையும் ஆங்கிலக்காரர் வேறு வேறு எழுத்துக் கூட்டி எழுதுகிறார்கள். தமிழ் எழுத்திலும் தமிழ்க் காதிலும் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. உலகம் முழுவதும் ‘ஓடு’ என்பதற்குச் சொல்கிற சொல், எங்கள் தளத்தில் ‘நில்’ என்று போய்ச் சேர்ந்திருக்கிறது.

இதனால் எங்கள் கையேடு ஒரு மாதம் பிந்தியது. கழகத்தில் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காகக் கூடைப்பந்தாட்டக் கையேடு ஒன்றைத் தமிழில் தயாரித்துக்கொண்டிருந்தோம். மூன்று பேர் உட்கார்ந்தோம். நான் ஒருவன். கல்முனைப் பக்கத்திலிருந்து வந்து கற்பிக்கும் உடற்கல்வி ஆசிரியை ஒருவர். மூன்றாமவர் எழுபதைக் கடந்த பழைய வீரர். எல்லாருக்கும் அவர் ‘ஐயா’. மற்றச் சொற்கள் அரை மணிக்கு ஒன்றாக முடிந்தன. ஃபாஸ்ட் பிரேக் மட்டும் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளை விழுங்கியது. இதே இடத்தில் முட்டிக்கொண்டு நிற்கும் பயிற்றுவிப்பாளர்களுக்கும், ஒலிபெருக்கியில் வர்ணனை சொல்பவர்களுக்கும் பயன்படலாம் என்பதால் அந்த வழக்கை இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருள். பொருளை விட்டுவிட்டுச் சொல்லுக்கு அடிபடுவதைப் பட்டிமன்றக்காரர்களுக்கு விட்டுவிடலாம்.

கூடைப்பந்தாட்டத் தளத்தின் நீளம் 28 மீற்றர், அகலம் 15 மீற்றர். பந்து கைக்கு வந்த அணி எட்டுச் செக்கனுக்குள் நடுக்கோட்டைக் கடக்க வேண்டும். 24 செக்கனுக்குள் கூடைக்கு எறிய வேண்டும். வழக்கமான ஆட்டத்தில் இந்த நேரத்தின் பெரும்பகுதி செலவாகிறது: பந்தைக் கொண்டுவந்து, அவரவர் இடத்தில் நின்று, எதிரணியின் காவலில் ஓட்டை தேடுவார்கள். ஃபாஸ்ட் பிரேக் என்பது அந்தக் காவல் உருவாகும் முன்பே போய்ச் சேர்ந்துவிடுவது. நான்கைந்து செக்கனில் காரியம் முடிந்துவிடும்.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது வெறும் ஓட்டம். உள்ளே ஒழுங்கு இருக்கிறது. கூடையில் பட்டுத் திரும்பும் பந்தை, அதாவது ரீபவுண்டை, உயரமான ஒருவர் பிடிக்கிறார். அவர் ஓடுவதில்லை, பக்கக்கோட்டருகே திரும்பி நிற்கும் பந்து கொண்டுசெல்பவருக்கு உடனே எறிகிறார். பந்து பக்கத்திலிருந்து நடுவுக்கு வருகிறது. இரண்டு பேர் இரு ஓரமாக, கோட்டை ஒட்டி, அகலமாக ஓடுகிறார்கள். ஆக மூன்று பாதைகள். நடுவில் பந்தோடு வருபவர், தன்னை மறிக்க ஒருவன் வரும்வரை நேரே வருகிறார். மறித்தால் அந்த ஒருவன் விட்டுவந்த பக்கத்துக்குப் பந்து போகிறது. இரண்டு பேருக்கு ஒருவன், மூன்று பேருக்கு இருவர் என்ற கணக்கு நமக்குச் சாதகமாக இருக்கும்வரைதான் இந்த வேகம். எதிரணியின் ஐந்து பேரும் திரும்பி வந்துவிட்டால் வேகத்தைக் கைவிட்டு நிதானமாக ஆட வேண்டும். இந்தக் கடைசிப் பகுதியைத்தான் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது கடினம். பெரியவர்களுக்கும்தான்.

1891 டிசெம்பரில் மசாச்சுசெற்ஸ் மாநிலத்தின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உருவாக்கியபோது பக்கத்துக்கு ஒன்பது பேர். எவரும் பந்தோடு ஓடக் கூடாது. அப்படிப்பட்ட ஆட்டத்தில் வேகம் ஓர் ஆயுதமானது பின்னால் வந்த கதை. 1954 இல் அமெரிக்கத் தொழில்முறைப் போட்டிகளில் 24 செக்கன் கடிகாரம் வந்தது. அதன்பின் பொஸ்ரன் செல்டிக்ஸ் அணி 1957 முதல் 1969 வரை, 13 பருவங்களில் 11 முறை சம்பியனானது. பில் ரசல் ரீபவுண்ட் பிடித்து எறிவார், பொப் கூசி கொண்டு ஓடுவார். அந்த அணியின் தொடக்க ஆண்டுகளைப் பற்றிப் பேசுகிறவர் எவரும் இந்த இருவரையும் ஒரே மூச்சில்தான் சொல்வார்.

இப்போது சொற்களுக்கு வருகிறேன்.

ஆசிரியை முதல் நாளே முன்வைத்தது ‘எதிர்த்தாக்குதல்’. அவருடைய வாதம் வலுவானது. பத்திரிகைகளின் உதைபந்தாட்டச் செய்திகளில் அது ஊறிப்போன சொல். வாசகருக்கு விளக்கம் தேவையில்லை. உதைபந்தாட்டத்துக்கு அதைவிடப் பொருத்தமான சொல் இல்லை என்பதை நானும் ஒத்துக்கொள்கிறேன். 2018 உலகக் கிண்ணத்தில், ஜூலை 2 அன்று ரொஸ்தொவ் நகரில் பெல்ஜியமும் ஜப்பானும் ஆடியதைப் பார்த்தவர்களுக்கு அது நினைவிருக்கும். இரண்டுக்குப் பூச்சியம் என்று முன்னணியில் இருந்த ஜப்பானை பெல்ஜியம் சமப்படுத்திவிட்டது. உபாதையீடு நேரத்தின் நான்காம் நிமிடத்தில் ஜப்பானுக்குக் கோர்னர் கிக். வெற்றிக் கோலைப் போட்டுவிடலாம் என்று முன்னால் குவிந்தார்கள். பந்தைப் பிடித்த கோல் காப்பாளர் கூர்த்துவா அதை டி புருய்னவுக்கு உருட்டிவிட்டார். டி புருய்ன நடுக்களத்தைத் தாண்டி வலப்பக்கம் மூனியேயிடம் கொடுத்தார். மூனியே குறுக்கே அனுப்பிய பந்தை லுகாக்கு தொடாமல் கால்களுக்கிடையே போகவிட்டார். பின்னால் ஓடிவந்த ஷட்லி கோல் அடித்தார். ஒரு மூச்சுக்குள் எல்லாம் முடிந்தது. எதிரி தாக்க வந்ததால் திறந்த வழியில் திருப்பித் தாக்குவது: ‘எதிர்’ என்ற முன்னொட்டு அங்கே தன் சம்பளத்துக்கு வேலை செய்கிறது.

கூடைப்பந்தாட்டத்தில் அதே முன்னொட்டு சும்மா உட்கார்ந்திருக்கிறது. ஏனென்றால் 24 செக்கனுக்கு ஒருமுறை பந்து கைமாறும் ஆட்டத்தில் ஒவ்வொரு தாக்குதலும் எதிர்த்தாக்குதல்தான். எதிரணி எறிந்தது விழுந்தாலும் விழாவிட்டாலும் அடுத்த முறை எங்களுடையது. ஃபாஸ்ட் பிரேக்கை மற்றதிலிருந்து பிரித்துக் காட்டுவது வேகம், எதிர்ப்பு இல்லை. இதை நான் சொன்னதும் ஆசிரியை சற்று யோசித்து, “அப்படியானால் ‘விரைவுத் தாக்குதல்’ என்று வைப்போம், சேர்” என்றார். நேரான சொல், பொருளும் சரி. ஒரு வாரம் அதையே முடிவென்று எண்ணிக்கொண்டிருந்தோம்.

அதைக் கெடுத்தது கரப்பந்தாட்டம். 1991 இல் இலங்கையின் தேசிய விளையாட்டாக அறிவிக்கப்பட்ட ஆட்டம் அது. எங்கள் கடற்கரைக் கிராமங்களில் இரண்டு தென்னைக்கு நடுவே வலை கட்டினால் மைதானம் தயார். அங்கே விரைவுத் தாக்குதல் என்பதற்கு முற்றிலும் வேறு பொருள் இருக்கிறது. பந்தை உயர்த்திக் கொடுப்பவர் உயர்த்தாமல், வலையை ஒட்டித் தாழ்வாக விடுகிறார். அவர் பந்தைத் தொடும் நேரத்திலேயே அடிப்பவர் அந்தரத்தில் இருக்கிறார். மறிப்பதற்கு எதிரே நிற்பவன் குதிக்க நினைக்கும்போது பந்து தரையில் இருக்கும். தளத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுவது என்ற பேச்சே அதில் கிடையாது. ஆசிரியை இரண்டு ஆட்டத்தையும் கற்பிப்பவர். திங்கட்கிழமை கரப்பந்தாட்டத்தில் ஒரு பொருள், புதன்கிழமை கூடைப்பந்தாட்டத்தில் இன்னொரு பொருள் என்று அதே பிள்ளைகளுக்கு அதே வாயால் சொல்ல முடியாது என்று அவரே அந்தச் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். தான் கொண்டுவந்த சொல்லைத் தானே அடித்துவிடுகிற மனிதர் ஒரு குழுவில் இருப்பது பெரிய பாக்கியம்.

‘மின்னல் தாக்குதல்’ என்பதைச் சொன்னவர் எங்கள் கையேட்டுக்குப் படம் வரைந்த தம்பி. கேட்க விறுவிறுப்பாகத்தான் இருந்தது. ‘பிளிட்ஸ்’ என்ற சொல்லிலிருந்து வந்த எண்ணம் அது. ஜேர்மன் மொழியில் அதற்கு மின்னல் என்று பொருள். இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் ஜேர்மன் படைகளின் வேகத்துக்கும், 1940–41 இல் லண்டன் மீது விழுந்த குண்டுகளுக்கும் பெயராகி, அங்கிருந்து விளையாட்டுக்குள் புகுந்தது. ஆனால் விளையாட்டில் அது எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்தால் வேடிக்கை. அமெரிக்க உதைபந்தாட்டத்தில் பிளிட்ஸ் செய்வது பந்து வைத்திருக்கும் அணியல்ல. காவல் காக்கும் அணி. பந்தை எறியப்போகும் குவாட்டர்பேக்கை நோக்கிப் பின்களத்திலிருந்தும் ஆட்கள் பாய்ந்து வருவதற்குப் பெயர் அது. ரக்பியிலும் அப்படித்தான், காவல் வரிசை முழுவதும் ஒன்றாக முன்னேறி அமுக்குவது. கூடைப்பந்தாட்டத்திலேயே பந்து வைத்திருப்பவரை இரண்டு பேர் திடீரென்று சூழ்ந்து நெருக்குவதை அப்படிச் சொல்கிறார்கள். சதுரங்கத்தில் மட்டும் பொருள் வேறு; ஒருவருக்குப் பத்து நிமிடம் அல்லது அதற்குக் குறைவான நேரத்தில் ஆடும் ஆட்டம். அங்கே மின்னல் பொருத்தமாகத்தான் மின்னுகிறது. எப்படிப் பார்த்தாலும் பிளிட்ஸும் ஃபாஸ்ட் பிரேக்கும் ஒரே சொல்லில் அடங்கமாட்டா. ஒன்று பந்தைப் பறிக்க ஓடுவது, மற்றது பறித்த பின் ஓடுவது.

இது நூலறிவுக் காரணம். ஊர்க் காரணம் இன்னும் பெரிது. மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ‘மின்னல் தாக்கி’ என்று செய்தி தொடங்கினால், வயலில் நின்ற ஒருவர் வீடு திரும்பவில்லை என்றுதான் அது முடியும். பருவப் பெயர்ச்சிக் காலத்தில் இது எங்களுக்கு வழக்கமான துயரம். இன்னொன்றும் இருக்கிறது. ‘அதிகாலையில் மின்னல் தாக்குதல்’ என்ற தலைப்பைக் கண்டால் என் வயதுக்காரர் எவரும் விளையாட்டுப் பக்கத்தைத் திருப்பமாட்டார்கள். எந்த ஊர், யார் வீடு என்றுதான் தேடுவார்கள். முப்பது வருடப் பழக்கம் ஒரு தலைப்பில் திரும்பி வந்துவிடும். ‘தாக்குதல்’ என்ற சொல்லையே விளையாட்டிலிருந்து விலக்கிவிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது நடக்கிற காரியமும் இல்லை. தாக்குதல் ஆட்டம், தற்காப்பு ஆட்டம் என்று எங்கள் கையேட்டிலேயே நிறைய இடத்தில் எழுதியிருக்கிறோம். ஆனால் அதற்கு முன்னால் மின்னலையும் வைத்து, இரண்டு பயத்தையும் ஒரே கயிற்றில் கட்ட வேண்டுமா என்பதுதான் கேள்வி.

ஐயா இவ்வளவு நேரமும் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். அவருக்கு எந்தத் தமிழ்ச் சொல்லும் வேண்டாம். ‘ஃபாஸ்ட் பிரேக்’ அப்படியே இருக்க வேண்டும்.

இதை முதியவரின் பிடிவாதம் என்று தள்ளிவிட முடியாது. மட்டக்களப்பில் கூடைப்பந்தாட்டத்தை வளர்த்தவர்கள் இயேசு சபையின் நியூ ஓர்லியன்ஸ் மாகாணத்திலிருந்து வந்த அமெரிக்கத் துறவிகள். 1940களின் பிற்பகுதியில் வந்து, புனித மிக்கேல் கல்லூரியை மையமாகக் கொண்டு பிள்ளைகளைத் தளத்தில் இறக்கியவர்கள். அவர்களில் வெபர் அடிகளாரின் பெயரில்தான் எங்கள் நகரின் மைதானமே இருக்கிறது. லூசியானாவில் பிறந்த யூஜின் ஜோன் ஹேபர்ட் அடிகளார் இங்கே பிள்ளைகளுக்குக் கூடைப்பந்தாட்டப் பயிற்சி கொடுத்தவர். 1990 ஆகஸ்ட் 15 அன்று வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்குத் திரும்பும் வழியில், உடன் வந்த இளைஞரோடு சேர்ந்து காணாமல்போனார். இன்றுவரை அவர்களைப் பற்றி ஒன்றும் தெரியவரவில்லை. ஐயாவின் தலைமுறை ஃபாஸ்ட் பிரேக் என்ற சொல்லைப் புத்தகத்தில் படித்ததில்லை. அந்தத் துறவிகளின் வாயால் கேட்டது.

“தம்பி,” என்றார் ஐயா, “இந்த ஆட்டத்தைச் சொல்லித்தந்தவருக்கு ஒரு கல்லறைகூட இல்லை. சொல்லாவது இருக்கட்டும்.”

அந்த ஞாயிற்றுக்கிழமை அதோடு கலைந்தோம்.

நினைவு ஒரு காரணம் என்றால் நடைமுறை இன்னொரு காரணம். மாகாண மட்டத்தைத் தாண்டிக் கொழும்புக்குப் போகும் பிள்ளை, அங்கே மத்தியஸ்தரும் எதிரணியும் தெரிவு செய்பவரும் ஃபாஸ்ட் பிரேக் என்று சொல்வதைத்தான் கேட்கப்போகிறது. அந்தச் சொல்லைத் தெரியாமல் அனுப்பினால் கால் இருந்தும் காது இல்லாத பிள்ளையாக நிற்கும். ஆகவே கையேட்டில் அந்தச் சொல் எங்காவது இருந்தே ஆக வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இருக்கவில்லை. ஓரக்கோட்டிலிருந்து கூப்பிடும் குரலாக அது உதவாது என்பதிலும்தான். பையன் நின்றுவிட்டானே.

ஐந்தாவது சொல் என்னுடையது என்பதால் அதைப் பற்றி நடுநிலையோடு எழுத முடியுமோ தெரியாது. ‘உடைப்பு’. பிரேக் என்பதன் உள்ளே இருக்கிற படம் அதுதானே என்று தோன்றியது. குளக்கட்டு உடைப்பெடுக்கிறது, அடைபட்டு நின்ற நீர் ஒரே வழியில் பாய்கிறது. 1957 வெள்ளத்தையோ 2011 வெள்ளத்தையோ கண்டவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதைவிட நெருக்கமான காட்சி, மாரியில் வாவி நிரம்பி வயலுக்குள் ஏறும்போது முகத்துவாரத்தை வெட்டிவிடுவது. முதலில் மணலில் ஒரு சிறு வாய்க்கால்தான் இருக்கும். மண்வெட்டிக்காரர்கள் இரு பக்கமும் ஒதுங்குவார்கள். பிறகு நீர் தானே தன் வழியை அகலமாக்கிக்கொண்டு கடலுக்குப் போகும். காவலில் ஒரு சிறு திறப்பு, அதில் முதல் பந்து, அதன்பின் மூன்று பாதையாக விரிகிற ஓட்டம் என்று ஒரு முழுப் பக்கம் எழுதிக்கொண்டுபோய் வாசித்தேன்.

ஆசிரியை மரியாதையாகக் கேட்டுவிட்டு, “உடைப்பு என்றால் பொலிஸ் செய்தி ஞாபகம் வருகிறது, சேர்” என்றார். வீடு உடைப்பு, கடை உடைப்பு. போதாக்குறைக்கு, எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பதைக் கூடைப்பந்தாட்டத்தில் ‘ஸ்டீல்’ என்கிறார்கள். அதையும் மொழிபெயர்த்தால் எங்கள் பிள்ளைகள் முதலில் திருடி, பிறகு உடைத்து, கடைசியில் வெளிச்சத்தில் ஓடுகிறவர்கள் ஆகிவிடுவார்கள். ஐயா அன்றுதான் முதன்முறையாகச் சிரித்தார். என் சொல் சிரிப்பில் செத்தது.

மிஞ்சியது ‘பாய்ச்சல்’.

அதற்கும் பழைய வடு உண்டு; மறைக்க வேண்டியதில்லை. 1995 ஜூலையில் வடக்கில் அரச படை ‘முன்னேறிப் பாய்தல்’ என்று ஒரு நடவடிக்கைக்குப் பெயர் வைத்தது. அதற்குப் பதிலாகப் புலிகள் ‘புலிப்பாய்ச்சல்’ என்று வைத்தார்கள். இரு தரப்பும் ஒரே வினையைப் பிடித்து இழுத்தன. தாக்குதல் என்ற சொல்லுக்கு நான் சொன்ன தடை இதற்கும் பொருந்தாதா என்று படம் வரையும் தம்பி கேட்டான். நியாயமான கேள்வி. என் பதில்: தாக்குதல் என்ற சொல்லில் அடிபடுகிற ஒருவர் எப்போதும் இருக்கிறார். பாய்ச்சலில் அப்படி இருக்க வேண்டியதில்லை. மான் பாய்கிறது, குதிரை பாய்கிறது, வாய்க்காலில் தண்ணீர் பாய்கிறது. இங்கே ‘பாய்ச்சல்’ என்றால் வயற்காரருக்கு நினைவு வருவது நீர். போர் அந்தச் சொல்லை ஒரு மாதம் இரவல் வாங்கியது. வயல் அதை நூற்றாண்டுகளாக வைத்திருக்கிறது. தவிர, எங்கள் கையேட்டைப் படிக்கப்போகும் பிள்ளைகள் எல்லாரும் 2009 க்குப் பிறகு பிறந்தவர்கள். என் காதில் கேட்கும் எதிரொலியை அவர்கள் காதில் நான் ஏன் வைக்க வேண்டும்?

என்றாலும் மேசையில் வெல்லுகிற சொல் தளத்தில் தோற்கலாம். ஆகவே ஒவ்வொரு மாலையும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு பயிற்சியின்போது கூப்பிட்டுப் பார்த்தோம். இதை ஆய்வு என்று யாரும் நினைக்க வேண்டாம். பதினாறு பிள்ளைகள், ஒரு விசில், நிறைய வியர்வை, அவ்வளவுதான்.

‘எதிர்த்தாக்குதல்’ என்று நான் கூப்பிட்டு முடிப்பதற்குள் எதிரணி திரும்பி வந்து நின்றுவிட்டது. ஒன்பது எழுத்து நீளம். நான்கு செக்கன் ஆட்டத்தில் அரைச் செக்கனைச் சொல்லே தின்றுவிடுகிறது. ‘மின்னல்’ என்றதும் இருவர் வானத்தைப் பார்த்தார்கள். ஐப்பசி மாதம், அவர்களைக் குறை சொல்ல முடியாது. என் ஆசைக்காக ‘உடை’ என்றும் கூப்பிட்டேன். ஒருவன் தன் மேற்சட்டையைக் காற்சட்டைக்குள் செருகினான். ‘ஓடு’ என்று கூப்பிட்டபோது நடந்ததுதான் எனக்குப் பாடம். ஐந்து பேரும் ஓடினார்கள். ரீபவுண்ட் பிடித்தவனும் பந்தோடு ஓடினான், அவன் எறிவதை வாங்க வேண்டியவனும் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடினான். வாங்க ஆளில்லாத பந்து பிடித்தவன் கையிலேயே தட்டுத் தடுமாறி வெளியே போனது. ‘ஓடு’ எல்லாருக்கும் பொதுவான கட்டளை. நமக்கு வேண்டியது, கேட்ட மாத்திரத்தில் ஐந்து பேரும் ஐந்து வேறு வேலையை நினைவுகூரும் பெயர்.

‘பாய்’ என்று கூப்பிட்ட அன்று ஒருவன் “படுக்கிற பாயா, சேர்?” என்று கேட்டான். கேட்கத்தான் செய்வான், பன்னிரண்டு வயது. சிரிப்பு அடங்கிய பிறகு, அந்த ஓரசைச் சொல்லுக்குப் பிடிப்பவன் எங்கே எறிய வேண்டும், வாங்குபவன் எங்கே நிற்க வேண்டும், ஓரத்தில் ஓடுபவர் யார் என்று நான்கு நாள் பழக்கினோம். ஐந்தாம் நாள் நான் கூப்பிடவேயில்லை. ரீபவுண்ட் பிடித்தவனே கூப்பிட்டான்.

சொல்லை எழுத்திலும் சோதிக்க வேண்டியிருந்தது. விதிப் பகுதியில் ஓர் இடம்: கூடைக்கு முன்னால் வேறு காவலர் இல்லாதபோது, வேகமாகப் போகிறவரைப் பின்னாலிருந்தோ பக்கத்திலிருந்தோ முறைகேடாகத் தொட்டு நிறுத்தினால் அது சாதாரணத் தவறாகக் கொள்ளப்படாது. சர்வதேசக் கூடைப்பந்தாட்டச் சம்மேளனத்தின் விதிப்படி, விளையாட்டு நெறியை மீறிய தவறு. பாதிக்கப்பட்ட அணிக்கு ஃப்ரீ த்ரோவும், அதாவது மறிப்பவர் இல்லாமல் கூடைக்கு எறியும் வாய்ப்பும் கிடைக்கும், அதன்பின் பந்தும் கிடைக்கும். ‘பாய்ச்சலைத் தடுக்கும் முறைகேடான தொடுகை’ என்று எழுதிப் பார்த்தோம், வாக்கியம் தடக்கவில்லை. ‘பாய்ச்சலில் பெற்ற புள்ளிகள்’ என்று புள்ளித்தாளில் எழுதலாம். முதல் மூவர் போய் முடிக்காவிட்டால் பின்னால் வருகிற இருவரும் சேர்ந்து, காவல் இறுகும் முன் முயல்வதற்கு ‘இரண்டாம் பாய்ச்சல்’ என்று பெயர் தானாகவே கிடைத்தது. ‘இரண்டாம் எதிர்த்தாக்குதல்’ என்று எழுதினால் அது வேறு எதையோ சொல்கிறது.

ஆகவே முடிவு இப்படி ஆயிற்று. தளத்தில் குரல் ‘பாய்’. கையேட்டில் பெயர் ‘பாய்ச்சல்’. அந்தப் பாடத்தின் தலைப்புக்குக் கீழே, இதை உலகம் ஃபாஸ்ட் பிரேக் என்று அழைக்கிறது, எங்கள் ஊருக்கு அது எவர் வழியாக வந்தது என்று ஒரு பத்தி. ஐயா அந்தப் பத்தியைத் தன் கையால் எழுதித் தந்தார். ஹேபர்ட் அடிகளார் பிள்ளைகளைக் கூப்பிடும் விதத்தை நான்கு வரியில் எழுதியிருக்கிறார். நாங்கள் ஓர் எழுத்தும் மாற்றவில்லை. ஆனால் எவரும் ‘பிரேக்’ என்று மட்டும் சுருக்கிக் கூப்பிடக் கூடாது என்று அடியில் ஒரு குறிப்புப் போட்டிருக்கிறேன். சொல்வதானால் இரண்டு சொல்லையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

வர்ணனை சொல்பவர்களுக்கு என் ஆலோசனை கொஞ்சம் மாறும். உதைபந்தாட்டம் என்றால் எதிர்த்தாக்குதலைத் தொடவேண்டாம். அது அங்கே வேரூன்றியது, பார்வையாளருக்கும் பழகியது. கரப்பந்தாட்டத்துக்கு விரைவுத் தாக்குதல். கூடைப்பந்தாட்டம் என்றால் பாய்ச்சல் என்று துணிந்து சொல்லலாம். முதல் இரண்டு முறை ஃபாஸ்ட் பிரேக்கையும் சேர்த்துக்கொண்டால் கூட்டம் பிடித்துக்கொள்ளும். ஒலிபெருக்கியில் மின்னல் வேண்டாம். கபடிக்கு இது எதுவும் தேவையில்லை. பாடிப்போகிறவருக்கு வேண்டிய சொற்கள் அங்கே முன்பே இருக்கின்றன, கபடி ஆடும் நிந்தவூர்க்காரருக்கு நான் போய்ச் சொல்லிக்கொடுக்க ஒன்றுமில்லை.

பழைய வீரர்கள் விளையாடும் மாலைகளில் ஐயா இன்னும் ‘பிரேக்’ என்றுதான் கூப்பிடுகிறார். அவர்கள் நிற்பதில்லை, ஓடுகிறார்கள். முழங்கால் விடுகிற அளவுக்கு.

அடுத்த ஞாயிறு ரீபவுண்டுக்கு உட்காருகிறோம். ‘மீள்பந்து’ என்று ஆசிரியை ஏற்கெனவே எழுதி வைத்திருக்கிறார். எனக்கு அதில் உடன்பாடில்லை.